சொட்டாத கசிவு: ஒரு பிக்கப் வண்டியின் கூலண்ட் போன வழி

என் அக்கா மகன் சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகத் தேனியில் கொண்டுபோய் இறக்குகிறான். போக வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வண்டி, பத்து வயதைத் தாண்டிய டீசல் பிக்கப். இரண்டு ஆண்டுகளுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பங்குனிக் கடைசியில் ஒரு மாலை சமயநல்லூரில் இருக்கும் என் வீட்டு வாசலில் அதை நிறுத்திவிட்டு, "மாமா, மூணு நாளைக்கு ஒருவாட்டி ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறேன். எங்க போகுதுன்னே தெரியல, கீழ ஒரு சொட்டு இல்ல" என்றான்.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் தண்ணீர் பம்புகளோடு இருபது ஆண்டுகள் பழகியவன் என்பதால், உறவினர் வண்டிகள் எல்லாம் என் வாசலுக்கு வந்துவிடுகின்றன. பம்புகளோடு பழகிய நான் இந்த வண்டியில் பம்பைக் கடைசியாகத்தான் சந்தேகித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வண்டி என்னிடம் வருமுன் ஒரு பட்டறைக்குப் போய் வந்திருந்தது. அங்கே ரேடியேட்டரின் கீழ் மூலையில் ஈரத்தையும் அதன்மேல் வெளிறிய உப்புப் படிவையும் காட்டி, கோர் போய்விட்டது, புது ரேடியேட்டர் போட வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஈரம் உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் அந்த ஈரம் ரேடியேட்டரின் பின்புறத்தில், காற்றாடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவசத்தின் அடி விளிம்பை ஒட்டி இருந்தது. முன்புறம் முற்றிலும் காய்ந்திருந்தது. ரேடியேட்டர்தான் ஓட்டை என்பதற்கு இந்த ஒரு மூலை போதுமான சாட்சியாக எனக்குப் படவில்லை.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நாளில் அவன் ஊற்றியது சுமார் 300 மில்லி. நாளுக்கு நான்கு மணி நேரம் என்று மூன்று நாளில் இஞ்சின் ஓடியது 12 மணி நேரம். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்துக்கொண்டால் 300 மில்லி என்பது 6,000 சொட்டு. 12 மணி நேரத்தில் 43,200 விநாடிகள். ஆக, ஏழு விநாடிக்கு ஒரு சொட்டு. எண்பது டிகிரிக்கு மேல் சூடேறிய இரும்பின் மேல், காற்றாடி வீசும் காற்றில், ஏழு விநாடிக்கு ஒருமுறை விழும் சொட்டு தரைக்கு வந்து சேராது. விழுந்த இடத்திலேயே ஆவியாகிப் போய்விடும். தரை காய்ந்திருப்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, இஞ்சினுக்குள்ளேதான் போகிறது என்று பயப்படவும் வேண்டியதில்லை என்பது இந்தக் கணக்கில் தெரிந்தது.

ஆனாலும் உள்ளே போகிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் செலவு மிகப் பெரியது அங்கேதான். ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் ஹெட்டுக்கும் உடலுக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடு) அடித்திருந்தால் எரியறையின் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகும். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தேன். தொடக்கத்தில் நாலைந்து குமிழிகள் வந்து நின்றுவிட்டன. அது எப்போதோ ஊற்றியபோது சிக்கிய காற்று. கேஸ்கட் போயிருந்தால் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடும். பிறகு மூடியைப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தேன். சூடேறுவதற்கு முன்பே கல்போல இறுகவில்லை. டிப் ஸ்டிக்கிலும் ஆயில் மூடியின் அடியிலும் மோர் நிறக் குழம்பு எதுவும் இல்லை. சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகையும் இல்லை. இந்த நான்கும் சேர்ந்து ஹெட்டைக் கழற்றும் எண்ணத்தைத் தள்ளிவைக்கப் போதுமானவை. இந்த வண்டியில் ஹீட்டர் கிடையாது என்பதால், கேபினுக்குள் கசியும் இன்னொரு வழியும் தானாகவே கழிந்தது.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரியது, உள்ளே அழுத்தம் மூடியில் பொறித்த அளவைத் தாண்டும்போது திறந்து, மிகுதியை ரிசர்வ் டப்பாவுக்கு அனுப்புகிறது. நடுவில் இருக்கும் சிறியது, இஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடுகிறது. இந்த வண்டியின் மூடியில் 0.9 (பார் கணக்கில்) என்று இருந்தது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். கூலண்ட்டும் (இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலக்கும் திரவம்) தண்ணீரும் சரிபாதி கலந்தால் இன்னும் மேலே. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கணவாய் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து, டப்பாவின் வழிவுக் குழாய் வழியாகச் சாலையிலேயே போய்விடும், வீட்டு வாசலில் தடயமே இருக்காது. தெரிந்த பட்டறையில் அழுத்தம் பார்க்கும் கைப்பம்பை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்து மூடியைச் சோதித்தேன். 0.9-இல் சரியாக நின்றது.

அதே கைப்பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி, இஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.9 வரை ஏற்றினேன். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கியதாகிவிடும். இருபது நிமிடத்தில் முள் 0.8-க்கு இறங்கியது. கசிவு இருக்கிறது, ஆனால் சிறியது. டார்ச்சும் சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடியதில், கீழ் ஹோஸ் இஞ்சினோடு சேரும் வாயில் ஒரு முத்து ஈரம் கிடைத்தது. திருகுக் கிளிப் துருப்பிடித்து, ரப்பரை முழுவட்டமாகப் பிடிக்காமல் நின்றிருந்தது. இத்தகைய கிளிப்கள் குளிரில் கசிந்து, சூடேறியதும் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்ளும். விடியற்காலையில் மட்டும் ஈரம், பகலில் காய்ந்துபோகும் என்பதால் யார் கண்ணிலும் படாது. கிளிப்பை மாற்றினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று இருவரும் காபி குடித்தோம்.

மூன்று நாள் கழித்து டப்பாவில் 250 மில்லி குறைந்திருந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சோர்வு வந்தது உண்மை. அதற்குள் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கோரிப்பாளையம் நெரிசலில் வண்டி முக்கால் மணி நேரம் நகராமல் ஓடிக்கொண்டே நின்றபோது பானட்டின் இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய வாடை வந்ததாக அக்கா மகன் சொன்னான். என்ன வாடை என்று கேட்டதற்கு, "பாகு காய்ச்சுற மாதிரி இருந்துச்சு மாமா" என்றான். கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சூட்டில் ஆவியாகும்போது வரும் இனிப்பு வாடை அது. நகராமல் நின்றபோதும் கசிகிறது, சூட்டில் கசிகிறது, பானட்டுக்குள்ளே கசிகிறது என்ற மூன்று செய்திகள் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. ஊசி ஏறியதா என்று கேட்டேன். இந்த வண்டியில் ஊசி எப்போதும் பாதிக்குக் கீழேயேதான் நிற்கும் என்றான். அப்போது அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். அது நல்ல செய்தி அல்ல என்பது பின்னால் தெரிந்தது.

அழுத்தச் சோதனையில் மீதிக் கசிவு ஏன் அகப்படவில்லை என்று யோசித்தபோது, அந்தச் சோதனை இஞ்சின் ஓடாமல் செய்தது என்பது உறைத்தது. சுற்றும் பாகம் எதுவும் அப்போது சுற்றவில்லை. ஆனால் சுற்றும்போது எட்டிப் பார்க்க முடியாது. காற்றாடி விரலை எடுத்துவிடும். தடயம் தங்க வேண்டும், நின்ற பிறகு அதைப் பார்க்க வேண்டும்.

பல பச்சை நிறக் கூலண்ட்களில் கலந்திருக்கும் சாயம் புற ஊதா ஒளியில் மின்னும். அதற்கென்று தனிக் கருவி தேட வேண்டியதில்லை. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா டார்ச் போதும். ஒன்றை வாங்கி வந்து இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்து அடித்தால், எதுவுமே மின்னவில்லை. காரணம் எளிது. இரண்டு ஆண்டுகளாக அவன் ஊற்றிவந்தது தோப்பு மோட்டார்த் தண்ணீர்; உள்ளே இருந்தது துரு நிறத்தில் ஒரு கலங்கல், அதில் மிஞ்சியிருந்த பழைய கூலண்ட் வாடைக்குப் போதும், மின்னுவதற்குப் போதாது. அதில் இரண்டு லிட்டரை வடித்துவிட்டு, இரண்டு லிட்டர் அடர் கூலண்ட்டை ஊற்றி, இஞ்சினை வெளியே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒரு நடை தேனிக்குப் போய்வரச் சொன்னேன்.

அன்று இரவு பானட்டைத் திறந்து டார்ச்சை அடித்தபோது கண்டதை எளிதில் மறக்க மாட்டேன். தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) வீட்டின் மேல் பச்சைப் புள்ளிகள். காற்றாடிக் கவசத்தின் உள்விளிம்பில் புள்ளிகள். ஆல்டர்னேட்டரின் பக்கவாட்டில் புள்ளிகள். பானட்டின் அடித்தகட்டில்கூட, விரலால் இழுத்ததுபோல ஒரு கோடாகப் புள்ளிகள். கவசத்தின் அடியில் அவை சேர்ந்து வழிந்து, ரேடியேட்டரின் அந்தப் பிரபலமான கீழ் மூலையில் தேங்கி மின்னிக்கொண்டிருந்தன. ஒன்பதாயிரம் ரூபாய் ஈரம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது.

முதலில், எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது தெர்மோஸ்டாட் வீடு என்பதால் அங்கிருந்துதான் ஒழுகியிருக்க வேண்டும் என்றே எண்ணினேன். மேலிருந்து கீழே வருவதுதானே தண்ணீரின் குணம். ஆனால் ஒழுகிய தண்ணீர் பானட்டின் அடித்தகட்டில் ஏறாது. புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று புரிந்தது: அவை ஒன்றன்கீழ் ஒன்றாக இல்லை, கவசம், பானட், ஆல்டர்னேட்டர், தெர்மோஸ்டாட் வீடு என எல்லாமே இஞ்சினின் முன்முகத்துக்கு இணையான ஒரே தளத்தில், ஒரு வட்டத்தின் மேல் இருந்தன. தானாக வழிவது கீழ்நோக்கிக் கோடு போடும்; சுழற்றி எறியப்படுவதுதான் வட்டம் போடும். அந்த வட்டத்தின் மையத்தில் இருந்தது வாட்டர் பம்பின் புல்லி.

நான் பம்பை அதுவரை விட்டுவைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அது தவறான காரணம் என்றாலும். பம்பின் உடலில் கீழ்நோக்கி ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே அது அமைந்திருக்கும். சீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் இந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். சொட்டினால் பம்பை மாற்ற வேண்டும் என்று பொருள். முதல் நாளே கண்ணாடி வைத்து அந்தத் துளையைப் பார்த்தேன், எலும்பாய்க் காய்ந்திருந்தது. காற்றாடியைப் பிடித்து ஆட்டியும் பார்த்தேன், ஆட்டம் இல்லை. எனவே பம்பு நல்லது என்று எழுதிவைத்துவிட்டேன்.

இப்போது பெல்ட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி ஆட்டினேன். இறுக்கமான பெல்ட் தண்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருந்ததால் முதலில் தெரியாத ஆட்டம், இப்போது 'டக் டக்' என்று கைக்குத் தெரிந்தது. துளையை ஒரு தையல் ஊசியால் குத்திப் பார்த்தேன். ஊசி உள்ளே போகவில்லை. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ ஒருவர், சொட்டும் துளையை ஓட்டை என்று எண்ணியோ, வண்டியை விற்கும்வரை சொட்டாமல் இருந்தால் போதும் என்று எண்ணியோ, பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசையால் அதை அடைத்திருக்கிறார். அதன்மேல் கருமை படிந்து உடலோடு ஒன்றாகிவிட்டது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து, கிரீஸைக் கழுவிக்கொண்டு, தண்டோடு சேர்ந்து முன்பக்கம் வந்து, சுழலும் புல்லியில் ஏறிச் சிதறியிருக்கிறது. காற்றாடி இந்தத் தண்டின் மேல்தான் நிற்கிறது. பேரிங் முழுவதும் விட்டிருந்தால் அது ரேடியேட்டருக்குள் பாய்ந்து, பட்டறைக்காரர் சொன்ன செலவை உண்மையாக்கியிருக்கும்.

பிரித்துப் போட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஒரு பேசினில் வடித்தேன். வடித்ததை உடனே மூடிவைத்தேன். கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலும் அவற்றின் சிறுநீரகம் கெட்டுச் சாகும். கவசம், காற்றாடி, பெல்ட், புல்லி என்று வரிசையாகக் கழற்றினேன். பம்பின் போல்ட்கள் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டைத் துளையில் முடுக்கினால் முனை முட்டிக்கொண்டு பம்பு சரியாக உட்காராது. ஆகவே ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டையிட்டு அந்தந்த போல்ட்டைச் செருகிவைத்தேன். பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அலுமினிய முகத்தில் கீறல் விழாமல் சுரண்டுவதற்குப் பொறுமையைத் தவிர வேறு கருவி இல்லை.

கழற்றிய பம்பை அறுத்துப் பார்த்தது தேவையற்ற வேலைதான், ஆனால் பழைய தொழில் விடவில்லை. சீலின் கார்பன் முகத்தில் வட்டவட்டமாகக் கீறல்கள். எதிர்முகத்தில் சுண்ணாம்பு போன்ற படிவு. இந்த இரண்டு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சுற்றும்போது அவற்றுக்கிடையே மசகாக நிற்பது கூலண்ட்டின் மெல்லிய படலம்தான். தோப்பு மோட்டார்த் தண்ணீரை என் சிறு மீட்டரால் பார்த்தபோது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு, 1,100-ஐத் தாண்டியது. அதில் கரைந்திருக்கும் உப்பு சூட்டில் வெளிப்பட்டு, முகங்களுக்கிடையே உப்புத்தாளைச் செருகியதுபோல வேலை செய்திருக்கிறது. குடிக்க உப்புக் கரிக்கிறது என்று நாம் தள்ளிவைக்கும் தண்ணீரை இஞ்சின் மட்டும் ஏன் குடிக்க வேண்டும் என்று அக்கா மகனிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே நின்றான்.

தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. அதை எடுத்துவிட்டால் வண்டி சூடாகாது என்ற நம்பிக்கை நம் பக்கத்துப் பட்டறைகளில் பல காலமாக இருக்கிறது. ஊசி எப்போதும் பாதிக்குக் கீழே நின்றதன் காரணம் இதுதான். இஞ்சின் தன் வேலைச் சூட்டை எட்டாமலே ஓடுவதால் டீசல் கூடச் செலவாகும், உள்ளே தேய்மானமும் கூடும். அதைவிட மோசமானது, ஊசியை நம்பி இருந்துவிடுவது. தண்ணீர் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நின்றுவிட்டால், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் ஊசி ஏறாமல் ஏமாற்றக்கூடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் காய்ச்சி, வெப்பமானியோடு அதைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். 83-இல் வாயைத் திறக்கத் தொடங்கியது. பிறகே மாட்டினேன்.

உள்ளே நல்ல தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை நான்கு முறை அலசினேன். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 8 லிட்டர். பாதி கூலண்ட், பாதி பேட்டரிக் கடையில் கிடைக்கும் வடிநீர். வாங்கும்போது ஆசிட் கேனைத் தூக்கி வந்துவிடக் கூடாது; கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். மூக்கு மேலே இருக்கும்படி வாசல் சரிவில் வண்டியை ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்ற பிறகு மூடினேன். ரிசர்வ் டப்பாவில் குளிர்ந்த மட்டத்தில் ஒரு கறுப்பு டேப் ஒட்டினேன்.

பம்பு, தெர்மோஸ்டாட், பேக்கிங், கிளிப், கூலண்ட், வடிநீர், ஊதா டார்ச் எல்லாம் சேர்த்து ரேடியேட்டருக்குச் சொன்ன தொகையில் பாதியைத் தொடவில்லை. பழைய ரேடியேட்டர் அப்படியே இருக்கிறது.

முதல் வாரத்தில் மட்டம் டேப்புக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியது. அக்கா மகன் முகம் வாடிப்போனது. சிக்கியிருந்த காற்று வெளியேறினாலும் அப்படித்தான் இறங்கும் என்று சொல்லி, திரும்ப டேப் வரை நிரப்பி, ஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன், வட்டம் இல்லை. அதன்பின் சுமையோடு பத்து நடை, 1,500 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஊசி இப்போது சரியாக நடுவில் நிற்கிறது. கணவாய் ஏற்றத்தின் உச்சியில் மட்டும் ஒரு கோடு மேலே போய், இறக்கத்தில் திரும்பிவிடுகிறது. இன்று காலை ஐந்தரை மணிக்கு, இஞ்சின் குளிர்ந்திருக்கையில் பார்த்தேன். மட்டம் டேப்பின் மேல் விளிம்பில் இருக்கிறது.